இரண்டாம் பாகத்தில் அவளாகப் பேசியது

விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டும் ஒரு பெண்ணுக்கு இரண்டு படங்களில் நான் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறேன். சொல்லும்போது பெரிதாகத் தெரிகிறது. நடந்த இடம் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. கீழே ஆட்கள் சாக்கு அடுக்கிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் ஏதோ ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருப்போம். லாரி வந்தால் ரெக்கார்டிங் நிற்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு கேட்டால் நிற்கும். மழைக்காலத்தில் ஓட்டின்மேல் மழை இறங்கிவிட்டால் அன்றைக்கு வேலையே கிடையாது. சாயா குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பாவும் தாத்தாவும் நகரசபையில் வேலை பார்த்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். ஓணம் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து இரண்டு பாஷையிலும் அறிவிப்பு சொல்வதும் என் வேலை. அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குச் சேலை எடுக்க வந்த ஒருவர் முடியும்வரை நின்று கேட்டார். அவர்தான் அந்த ஸ்டுடியோவை நடத்தியவர், டப்பிங் இயக்குநர், சவுண்ட் எஞ்சினியர் எல்லாமே. காக்கநாட்டில் ஒரு கம்பெனி வெளிநாட்டுப் படங்களை வாங்கி இந்திய பாஷைகளில் பேசவைத்துத் தன் ஆப்பில் போடுகிறதென்றும், தமிழுக்கு ஆள் வேண்டுமென்றும் சொன்னார். சேட்டன் என்றே அவரைக் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

இன்னொருத்தியை அவர் தோப்பும்படியில் ஒரு சைவ ஓட்டலில் கண்டுபிடித்தார். கம்பம் பக்கத்துக்காரி. கணவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை, அவர் பின்னால் கொச்சிக்கு வந்தவள். ஓட்டலில் மேஜைக்கு மேஜை கேட்டுவந்து சமையலறைக்குச் சத்தம் போடுவது அவள் பொறுப்பு. "ரெண்டு நெய் ரோஸ்ட், ஒண்ணு முறுகலா!" என்று அவள் சொன்னால் தெருவில் போகிறவனுக்கும் பசிக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். பார்த்த முதல் நாளே அக்கா என்றாள்.

முதல் பாகத்தில் கதாநாயகர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி கேப்டன். அதிகம் பேசமாட்டாள், பேசினால் கப்பலே கேட்கும். இன்னொருத்தி மெக்கானிக். வாய் ஓயாது, எல்லோரையும் திட்டுவாள், கடைசியில் எல்லோரையும் காப்பாற்றுவதும் அவள்தான். கேப்டன் எனக்கு, மெக்கானிக் அவளுக்கு. சேட்டன் இதற்கு அதிகம் யோசிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார், காகிதத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அப்போது எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வசனங்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, தமிழுக்கு வேஷம் போட்டு விட்டிருக்கீங்க!"

அதற்குச் சீக்கிரமே எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அவளுக்கு ழகரம் வராது. 'எரிபொருள் வழியுது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வளியுது' என்பாள். சேட்டன் ஒலிப்பதிவை நிறுத்துவார். "சேச்சி, ஒண்ணு பறஞ்ஞு கொடுக்கு" என்று என்னைக் கூப்பிடுவார். எங்களுக்கு ழ ஒரு சிரமமே இல்லை, மலையாளம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நான் சொல்லிக் காட்டுவேன். அவள் நாக்கை மடித்து மடித்துப் பார்ப்பாள். மலையாளக்கரையில் பிறந்தவள் கம்பத்துக்காரிக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதை நினைத்து நாங்கள் இரண்டு பேருமே சிரித்திருக்கிறோம்.

முதல் பாகத்தில் ஒரு தவறு நடந்தது. கேப்டன் ஓர் ஆபத்தான முடிவை எடுக்கிறாள். மற்றவர்கள் தயங்குகிறார்கள். அவள் 'ஆகட்டும்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் 'ஆயிக்கோட்டே' என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். சேட்டன் மலையாளி, அவர் காதுக்கு அது தவறாகவே படவில்லை. அவளும் அன்றைக்கு வரவில்லை. படம் அப்படியே வெளியாகிவிட்டது.

யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டார்கள். கப்பல் நெருப்புக்குள் போகிறது, கேப்டன் கண்ணைச் சுருக்குகிறாள், 'ஆயிக்கோட்டே'. தமிழ்நாட்டில் கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தேர்வுக்குப் போகும்போது, பெண் பார்க்கப் போகும்போது என்றெல்லாம் போட்டு விளையாடினார்கள். கேலியா பிரியமா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஜவுளிக்கடையில் என்னை யாருக்கும் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் பாகம் வந்தபோது அந்த ஒரு வார்த்தையால்தான் காக்கநாட்டுக் கம்பெனி எங்களையே மறுபடி கேட்டது. கதையைச் சேட்டன் சொன்னார். ஒரு வெடிப்பில் கேப்டனும் மெக்கானிக்கும் ஆள் மாறிவிடுகிறார்கள். கேப்டனின் உடம்புக்குள் மெக்கானிக், மெக்கானிக்கின் உடம்புக்குள் கேப்டன். கப்பலில் மற்ற யாருக்கும் தெரியாது. முக்கால் படம் இப்படியே போகிறது.

"அப்ப நாங்க குரலை மாத்திக்கணுமா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. குரல் முகத்தோடு நிக்கும். ஆள்தான் மாறும்" என்றார் சேட்டன். "சேச்சி கேப்டன்டே முகத்துக்குத்தான் பேசணும். பக்ஷே, பேசறது மெக்கானிக்."

அதாவது, என் குரலில் நான் அவளைப் போலப் பேச வேண்டும். அவள் குரலில் அவள் என்னைப் போலப் பேச வேண்டும். முதலில் இது எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் உடனே செய்து காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டாள். வசனம் எளிமையானது: 'எஞ்சினை நிறுத்து. யாரும் நகரக் கூடாது.'

அவள் தோளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாக, ராகம் போட்டு, "எஞ்சினை... நிறுத்து... அல்லே? பின்னே... யாரும்... நகர வேண்டாம்" என்றாள்.

சேட்டன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவு சரியாக இருந்தது. வீட்டில் என் கணவர்கூட என்னை அப்படிப் பிடித்திருக்க மாட்டார்.

"அது என்னத்துக்கு அங்கயும் இங்கயும் பாக்கறே?" என்று கேட்டேன்.

"நீங்க பாப்பீங்கள்ளக்கா. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி. சொல்லலாமா வேணாமான்னு."

எனக்கு அது தெரியாது. நான் நிறுத்திப் பேசுகிறவள் என்று தெரியும். அதை ஒரு கம்பீரம் என்று நினைத்திருந்தேன். கேப்டனுக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான் என்றும் நினைத்திருந்தேன். வெளியே இருந்து பார்க்கிறவளுக்கு அது பயமாகத் தெரிகிறது.

அடுத்து என் முறை. மெக்கானிக் கேப்டனின் முகத்தோடு கப்பல்காரர்களைத் திட்ட வேண்டும். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏய்! இங்கிட்டு வாங்கடா! எவன்டா இந்தப் பைப்பைக் கழட்டுனது!" என்று கத்தினேன். கீழே சாக்கு தூக்குகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றிருப்பார்கள்.

சேட்டன் ஹெட்போனைக் கழற்றினார். "சேச்சி, இது வெறும் சத்தம். இது அவளே அல்ல."

அவள் மைக்கின் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு, "நான் கத்துவேன். அம்புட்டுத்தானாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அன்று மாலை நாங்கள் தனித்தனியாகக் கிளம்பினோம். வழக்கமாக பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடப்போம்.

மாதிரிக்கு எடுத்த ஒலியைச் சேட்டன் காக்கநாட்டுக்கு அனுப்பினார். அவர்களுக்கு என் பகுதி பிடிக்கவில்லை. அவள் பேசியது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த இழுவையை இன்னும் கூட்டச் சொன்னார்கள். 'ஆயிக்கோட்டே' இரண்டு வசனத்துக்கு ஒருமுறை வரட்டும் என்றார்கள். கேப்டன் மெக்கானிக் உடம்பில் மாட்டிக்கொண்டு திணறுவதை மக்கள் சிரித்துச் சிரித்துப் பார்ப்பார்கள் என்றார்கள்.

சேட்டன் இதைச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"முடியாது சேட்டா" என்றாள் அவள்.

"எந்தா?"

"அன்னிக்கு ஏதோ வேடிக்கைக்குச் செஞ்சேன். அக்கா எதிர்ல உக்காந்திருக்க நான் படம் பூரா அப்புடிப் பேச மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

"எனக்கொண்ணும் இல்ல. நீ பேசு" என்றேன்.

"உங்களுக்கு இருக்கு. மூஞ்சியப் பாத்தேனே!"

சேட்டன் சாயா வாங்கிவருவதாகச் சொல்லி இறங்கிப் போனார். சண்டை வரும்போலிருந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

கொஞ்ச நேரம் கழித்து நானாகவே அவளிடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததுதான். சொல்லத் தேவை வந்ததில்லை. "நான் பயந்துட்டுப் பாக்கல. எனக்கு ஒரு வார்த்தைன்னா ரெண்டு வரும். மலையாளத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. எதிர்ல நிக்கறது யாருன்னு பாத்துட்டு ஒண்ண எடுப்பேன், ஒண்ண உள்ள வைப்பேன். அவ்வளவுதான். கடையில பகல் முழுக்க அதுதானே செய்யறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டுமே வருமா? ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துல."

"தலை வலிக்காதா?"

"பழகிப்போச்சு."

அவள் சற்று யோசித்தாள். "அப்பக் கேப்டனும் அப்புடித்தான நிப்பா? இப்ப அவளுக்கு வேற உடம்பு. இந்த உடம்பு எப்புடிச் சொல்லும், நான் எப்புடிச் சொல்வேன்னு ரெண்டு வருமில்ல?" என்றாள். எழுந்து மைக் முன்னால் போய், சேட்டன் இல்லாமலே, அதே வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். தோளைக் குறுக்கவில்லை. பக்கவாட்டில் பார்க்கவில்லை. வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் மட்டும். உள்ளே ஒன்றை எடுத்து ஒன்றை வைக்கும் நேரம். "எஞ்சினை நிறுத்து. யாரும் நகர வேண்டாம்."

அதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேறொருத்தியின் வாயில் நான் நன்றாக இருந்தேன்.

என் பாதி அப்படியே கிடந்தது. அந்த வாரம் கடை விடுமுறை நாளில் தோப்பும்படி ஓட்டலுக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்து தோசை சொன்னேன். மதியக் கூட்டம். அவள் சத்தம் சமையலறைக்குப் போய்க்கொண்டே இருந்தது. கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. சமையலறை வாசலில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. அதைத் தாண்டித்தான் அவள் குரல் போக வேண்டும். மேஜைகளில் அவள் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஒரு வயதானவர் சட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டபோது, பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி குனிந்து, "இருங்கய்யா, தொடைக்க வேணாம், பரவிரும்" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். திட்டும்போதுகூட, திட்டப்படுகிறவனைத் தாங்கிப் பிடிப்பதுபோல ஏதோ ஒன்று அதில் இருந்தது. தட்டை உடைத்த பையனிடம் கத்தினாள், "கையக் காட்டு! வெட்டிருச்சா? காட்டுறா!"

என்னைப் பார்த்ததும் வந்தாள். "வேவு பாக்க வந்தீங்களாக்கும்!"

"தோசை தின்ன வந்தேன்."

"தோப்பும்படிக்கா? மட்டாஞ்சேரில தோசை தீந்துபோச்சா?" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஒரு வடையை வைத்துவிட்டுப் போனாள்.

ரெக்கார்டிங்கில் நான் கேப்டன் முகத்துக்குப் பேசும்போது எஞ்சின் இரைச்சல் இருக்கும் காட்சிகளில் மட்டும் கத்தினேன். மற்ற இடங்களில் குரலை இறக்கினேன். "எவன் இந்தப் பைப்பைக் கழட்டுனது?" என்ற கேள்வியைத் திட்டாகச் சொல்லாமல், கழற்றியவனுக்கு அடிபட்டதா என்று கேட்பதுபோலச் சொன்னேன். சேட்டன் இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றவில்லை. கையை மட்டும் உயர்த்தி, தொடரு என்று காட்டினார். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "நான் அம்புட்டு நல்லவ இல்லக்கா" என்றாள்.

படத்தின் பின்பகுதியில் ஒரு காட்சி உண்டு. மறுபடி ஆள் மாறுவதற்கு முன் இரண்டு பேரும் கப்பலின் சன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். கேப்டன் உடம்பில் இருக்கும் மெக்கானிக் சொல்கிறாள், "உன் முதுகு இவ்வளவு வலிக்கும்னு நீ சொன்னதே இல்லை." மெக்கானிக் உடம்பில் இருக்கும் கேப்டன் சொல்கிறாள், "உனக்கு இடது காது கேட்காதுன்னு நீயும்தான் சொன்னதில்லை." அவ்வளவுதான் காட்சி. சாதாரணமாக ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பேசிப் பதிவு செய்வோம். அந்தக் காட்சிக்கு மட்டும் சேட்டன் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினார். முதல் முறையே சரியாக வந்தது. கீழே லாரி வந்ததால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அவ்வளவு சரியில்லை. படத்தில் இருப்பது இரண்டாவதுதான்.

காக்கநாட்டுக்காரர்களுக்கு முழு மகிழ்ச்சி இல்லை. சிரிப்பு குறைந்துவிட்டது என்றார்கள். சேட்டன் அவர்களிடம் என்ன பேசினாரோ, 'ஆயிக்கோட்டே' நான்கைந்து இடத்தில் வைப்பதென்று முடிவாகி, மற்றதெல்லாம் நாங்கள் பேசியபடியே நின்றது.

படம் வெளியானது. முதல் பாகம் அளவுக்குப் பேசப்படவில்லை. ஆப்பில் படத்தின் கீழே கருத்து எழுதியிருந்தவர்களில் பாதிப் பேர் படத்தைப் பற்றி எழுதினார்கள். மீதிப் பேர் தமிழைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: கேப்டனுக்குப் பேசியவர் தெற்கத்திப் பெண், அசல் கம்பம் தேனிப் பேச்சு, மெக்கானிக்குக்குப் பேசியவர் கேரளத்துப் பெண், தமிழ் கற்றுக்கொண்டு பேசுகிறார், பரவாயில்லை. அவள் இதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"பரவாயில்லையாம்க்கா!" என்றாள். கொஞ்சம் கோபம்தான். "எங்க ஊருக்குப் போயிக் கேளுடா, யாரு தமிழ் கத்துக்கிட்டவன்னு!"

நான் கம்பத்துக்காரி ஆனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அதை வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். காட்டவில்லை. ஆனால் அதை வாசிக்கத்தான், அவள் இல்லாதபோதும் வாசிக்கத்தான், தமிழை வேகமாகப் படிக்கப் பழகினேன். எழுதுவது அதற்குப் பிறகு வந்தது.

அவளுக்கு வேறு சிக்கல் வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பேசுகிற பேச்சில் அவளுக்குத் தெரியாமலே நிறுத்தம் விழுந்துகொண்டிருந்ததாம். 'பின்னே' என்று வேறு சொல்லிவிட்டாளாம். அவள் அக்கா, "மலையாளத்தாளாவே மாறிட்டியேடி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவள் திரும்பி வந்து என்னிடம் சண்டை போட்டாள். நிஜமான சண்டை.

"உங்களால எங்க வீட்ல எனக்குப் பேச்சு!"

"நானா உன்னப் பேசச் சொன்னேன்?"

"நீங்கதான! நீ பேசு நீ பேசுன்னு!"

கொஞ்ச காலம் பேசாமல் இருந்தோம். பிறகு அவள் கணவருக்கு இடக்கொச்சியில் தொடர்ந்து வேலை கிடைத்து, வீட்டை அங்கே மாற்றினார்கள். சாமான் ஏற்ற ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். அந்தச் சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பிறகு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் பாகம் எங்களுக்கு வரவில்லை. காக்கநாட்டுக் கம்பெனி அதைச் சென்னையில் பேசவைத்துவிட்டது. எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சேட்டனுக்கே ஆப்பில் பார்த்துத்தான் தெரியும். அவர் இப்போது கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டு சேர்த்துக் கொடுக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இடக்கொச்சியில் அவள் வீட்டில் அந்த மூன்றாம் பாகத்தைப் பார்க்க உட்கார்ந்தோம். அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். கேப்டன் வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசினார்கள். நல்ல கெட்டியான குரல். நிறுத்தமெல்லாம் இல்லை. மெக்கானிக்குக்கும் வேறு குரல், ழகரம் தெளிவாக வந்தது.

"நல்லாத்தான் பேசுறாளுக" என்றாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அது வரவில்லை. யாரோ இரண்டு பேர், தெரிந்த முகம் மாதிரி இருக்கிற இரண்டு பேர், ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அவளும் பாதிக் கவனமாகத்தான் பார்த்தாள். நடுவில் வெங்காயம் உரித்தாள், யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போய்வந்தாள். கேப்டனும் மெக்கானிக்கும் ஏதோ ஒரு நிலவில் வழி பிரிகிற இடத்தில் மணியைப் பார்த்தோம். நேரமாகிவிட்டிருந்தது. இன்னும் தாமதித்தால் நல்ல மீன் தீர்ந்துவிடும் என்று அவள் பையை எடுத்தாள். படத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கிளம்பினோம்.

அதன் மீதியை நான் இன்னும் பார்க்கவில்லை. அவள் தனியாகப் பார்த்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டால், 'நீயே பாரு' என்கிறாள். அந்தச் சண்டைக்குப் பிறகு என்னை 'நீங்கள்' என்று சொல்வதை எப்போது விட்டாள் என்று எனக்கு ஞாபகமில்லை.